கமர்பந்து: ஆடவர் மாலை விருந்துடைச் சொல் ஒன்றின் பிறப்பும் பொருள் வரலாறும்

1. முன்னுரை

ஆடைப்பெயர்கள் மொழிவிட்டு மொழி எளிதில் குடிபெயர்வன. ஆடை கைமாறும்போது அதன் பெயரும் உடன் செல்கிறது. எனினும் அணிவோர் மாறுங்கால் பெயரின் பொருளும் மதிப்பும் மாறிவிடுகின்றன. தமிழில் வழங்கும் சால்வை, உருமால், குல்லா, பைஜாமா முதலிய சொற்கள் பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்து நிலைபெற்றவை. இவற்றுள் பைஜாமா என்பது மூலமொழியில் காலுடை என்று மட்டுமே பொருள்படும். அதுவே ஆங்கிலத்துக்குச் சென்றபின் இரவில் உறங்கும்போது அணியும் உடையாயிற்று.

இத்தகைய சொற்களுள் ஒன்று கமர்பந்து. மேலைநாட்டு ஆடவர் இரவு விருந்துக்கு அணியும் குறுங்கோட்டின் கீழ், சட்டையும் காற்சட்டையும் கூடும் இடத்தை மறைத்து, இடையைச் சுற்றிக் கட்டப்படும் மடிப்புகளுடைய பட்டுப்பட்டையை ஆங்கிலத்தில் இச்சொல்லின் திரிந்த வடிவால் குறிப்பர். இதன் பிறப்பையும் பொருள் வரலாற்றையும் ஆராய்ந்து, இதனைத் தமிழில் பெயர்க்கும்போது எழும் சிக்கல்களுக்குத் தீர்வு காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐதராபாத்தின் மல்காஜ்கிரி வட்டாரம் இவ்வாய்வுக்கு ஏற்ற களமாக அமைகிறது. இதன் அருகே செகந்தராபாத் படைமுகாமும் திருமலகிரிப் படையகங்களும் உள்ளன. உசுமானியாப் பல்கலைக்கழகமும் லாலாகுடா ரயில்வே பணிமனையும் தொலைவில் இல்லை. நிசாமின் உருதும், படைமுகாமின் ஆங்கிலமும், மண்ணின் மொழியாகிய தெலுங்கும், சென்னைப் படையோடு வந்து தங்கியோரின் தமிழும் ஒருங்கே புழங்கிய நிலப்பகுதி இது. ஒரே இடைப்பட்டை இங்கு விருந்தினர் இடையிலும் ஏவலர் இடையிலும் இருந்தது. ஆகவே அச்சொல்லின் பொருள் அணிந்தவரைப் பொறுத்தே அமைந்தது.

2. சொற்பிறப்பு

கமர்பந்து என்பது கமர், பந்த் என்னும் இரு பாரசீகச் சொற்களின் கூட்டு. இன்றைய பாரசீகத்திலும் உருதுவிலும் கமர் என்பது இடையைக் குறிக்கும். பந்த் என்பது கட்டு, கட்டுவது எனப் பொருள்படும். எனவே இடைக்கட்டு என்பதே இதன் நேர்ப்பொருள்.

கமர் என்னும் சொல்லின் பழைய பொருள் இதனின் வேறானது. அவெஸ்தா மொழியில் கமரா என்பது இடைவாரையே குறித்தது. இடைக்காலப் பாரசீகத்திலும் கமர் என்பது இடைவாராகவே வழங்கியது. அணியின் பெயர் அது அணியப்படும் உறுப்புக்கு ஆகிவந்தபின், அணியைத் தனியே சுட்ட மற்றொரு சொல்லைச் சேர்க்க வேண்டியதாயிற்று. எனவே வரலாற்று நோக்கில் கமர்பந்து என்பது வார்க்கட்டு என்னும் மிகைக்கூட்டாகும்.

பின்னொட்டாகிய பந்த் இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்துக்குப் பொதுவான வேரினது. வடமொழியின் பந்தம், ஆங்கிலத்தில் கட்டுதலையும் பட்டையையும் குறிக்கும் பைண்ட், பேண்ட் ஆகியவை அதே வேரிலிருந்து கிளைத்தவை. தமிழரும் இவ்வேரைப் பல வழிகளில் ஏற்றுள்ளனர். பந்தம் வடமொழி வழி வந்தது. பந்தோபஸ்து, ஜமாபந்தி ஆகியவை பாரசீக ஆட்சிச் சொற்களாக வந்தவை. கடையடைப்பைக் குறிக்கும் பந்த் அண்மைக்கால வரவு. இச்சொற்களைப் பயன்படுத்தும் தமிழர்க்குக் கமர்பந்தின் பின்பாதி புதியதன்று.

3. முகலாய அவையும் ஐரோப்பியர் பதிவுகளும்

முகலாயர் கால ஆடவர் உடையில் இடைப்பட்டை இன்றியமையாத உறுப்பு. உடைவாளும் குறுவாளும் அதில் செருகப்பட்டன. சித்திர வேலைப்பாடு மிக்க அதன் இரு முனைகளும் முன்புறம் தொங்கின. வட இந்திய வழக்கில் அதற்குப் பட்கா என்று பெயர். அக்பர் ஆடைகளுக்குப் புதுப்பெயர்கள் சூட்டினார் என்பதை அபுல் பசலின் ஆயினி அக்பரி காட்டுகிறது. அவற்றுள் பட்காவுக்கு இட்ட பெயர் கட்ஜேப் என்பதாகும். இடையைக் குறிக்கும் இந்தியச் சொல்லோடு அழகு எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லைப் புணர்த்து அமைத்த கலப்பாக்கம் இது. அரசாணையால் பிறந்த இச்சொல் மக்கள் வழக்கில் நிலைக்கவில்லை; பட்காவும் கமர்பந்துமே நிலைத்தன. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் கருத்தில் கொள்ளத்தக்க பழைய சான்று இது.

ஐரோப்பியர் ஆவணங்களில் இச்சொல் பதினாறாம் நூற்றாண்டிலேயே இடம்பெறுகிறது. போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் காஸ்தன்யேதா 1550களில் வெளிவந்த தம் நூலில், பொன்னும் பட்டும் கலந்த பாரசீகத் துணியின் பெயராக இதைக் குறித்துள்ளார். ஜப்பானின் ஹிராடோவில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் வணிகத் தலைவராக இருந்த ரிச்சர்டு காக்ஸ் 1616ஆம் ஆண்டு நாட்குறிப்பில் வணிகச் சரக்குகளுள் ஒன்றாக இதைக் குறிக்கிறார். ஐரோப்பியரைப் பொறுத்தவரை தொடக்கத்தில் இது தாம் உடுக்கும் உடையின் பெயரன்று, விற்பனைச் சரக்கின் பெயர் என்பது இப்பதிவுகளால் புலனாகும்.

4. படைமுகாமும் விருந்து மேசையும்

1798இல் நிசாம் ஆங்கிலக் கும்பினியுடன் துணைப்படை உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி வந்த படை உசேன் சாகர் ஏரிக்கு வடக்கே முகாமிட்டது. அம்முகாம் மூன்றாம் நிசாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806இல் செகந்தராபாத் ஆயிற்று. துணைப்படை சென்னைப் படையிலிருந்து திரட்டப்பட்டதால் தமிழும் தெலுங்கும் பேசும் வீரர்களும், அவர்தம் குடும்பத்தாரும், ஒப்பந்தக்காரரும், சமையலரும், ஏவலரும் உடன் வந்தனர். செகந்தராபாத் சுற்றுவட்டாரத் தமிழ்க்குடியிருப்பின் தொடக்கங்களுள் இதுவும் ஒன்று.

அதிகாரிகள் கூடி உண்ணும் இடம் மெஸ் எனப்பட்டது. இதுவும் மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டிய சொல். தமிழ்நாட்டில் மெஸ் என்றால் மாணவரும் அலுவலரும் மாதக் கணக்கில் உண்ணும் எளிய உணவகமே நினைவுக்கு வரும். படையிலோ அது வரிசைமுறையும் வெள்ளிப் பாத்திரங்களும் தனியுடையும் கொண்ட மன்றம். அங்கு அணியும் குறுங்கோட்டின் கீழ் கையில்லா உட்கோட்டு அணிவது முறை. இந்திய வெயிலில் அவ்வுட்கோட்டைத் தாங்க இயலாத அதிகாரிகள், தம்மைச் சுற்றியிருந்தோர் இடையில் கண்ட துணிப்பட்டையை அதற்கு மாற்றாக ஏற்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது படை விருந்துடையில் நிலைபெற்றது. 1890களில் இங்கிலாந்தின் கோடைக்கால உடையிலும் இடம்பெற்றது. பின்னர்க் கறுப்பு வில்முடிச்சோடு அணியும் மாலையுடையின் உறுப்பாயிற்று. நீள்வால் கோட்டும் வெண்முடிச்சும் கொண்ட உயர்நிலை உடையில் இதற்கு இடமில்லை. அங்கு வெண்ணிற உட்கோட்டே முறை.

அதே மன்றத்தில் உணவு பரிமாறியவர் தோற்றத்தையும் காண வேண்டும். தலைப்பாகை, நீண்ட வெள்ளை அங்கி, அதன்மேல் மன்றத்தின் வண்ணத்தில் அகன்ற இடைப்பட்டை என்பதே பேரர் எனப்பட்ட பரிமாறுவோரின் சீருடை. அப்பட்டைக்கும் பெயர் கமர்பந்து. மேசையில் அமர்ந்தவரும் அருகே நின்றவரும் ஒரே பெயருடைய பட்டையை அணிந்தனர். ஒருவர்க்கு அது வெயிலுக்கு ஏற்ற வசதி. மற்றவர்க்கு அது பணியின் அடையாளம். ஆங்கிலேயர் சென்ற பின்னும் இரு வழக்கும் தொடர்கின்றன. இந்தியப் படை அதிகாரிகளின் விருந்துடையில் அவரவர் படைப்பிரிவின் வண்ணத்தில் அமைந்த இடைப்பட்டை இன்றும் உண்டு. தலைப்பாகையும் இடைப்பட்டையும் அணிந்து பரிமாறுவோரை மன்றங்களிலும் பெரிய விடுதிகளிலும் இன்றும் காணலாம்.

5. நிசாம் அவையின் பக்லூஸ்

படைமுகாமுக்குத் தெற்கே, ஏரியின் மறுபுறம் நிசாமின் தலைநகரில் ஆடவர்க்குரிய முறைசார் உடை சேர்வானி ஆகும். கழுத்துவரை பொத்தானிட்டு முழங்கால்வரை நீளும் இவ்வுடையின் பெயரைக் காகசிய நாட்டின் சிர்வான் பகுதியோடு தொடர்புபடுத்துவோர் உளர். அவைக்குச் செல்வோர் சேர்வானியின்மேல் இடைவாரும் தலையில் தஸ்தார் என்னும் தலைப்பாகையும் அணிந்தனர். அந்த இடைவாரின் பெயர் பக்லூஸ்.

பக்லூஸ் பாரசீகச் சொல்லன்று, அரபுச் சொல்லுமன்று. வாரின் கொளுவியைக் குறிக்கும் பக்கிள் என்னும் ஆங்கிலச் சொல்லின் பன்மை வடிவிலிருந்து இதனைக் கொள்வதே பொருத்தமுடையது. இந்தியில் பகலஸ் என வழங்குவதும் இதுவே. ஆங்கிலப் பன்மை விகுதி சொல்லின் பகுதியாகவே உறைந்துவிட்டமை கவனிக்கத்தக்கது.

ஆகவே ஒரே நகரில் இருவேறு பரிமாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. ஆங்கிலேயரின் விருந்து மேசையில் இடைப்பட்டைக்குப் பாரசீகப் பெயர் வழங்கியது. 1880கள்வரை பாரசீகத்தை ஆட்சிமொழியாகக் கொண்டிருந்த நிசாம் அரசின் அவையிலோ இடைவாருக்கு ஆங்கிலப் பெயர் வழங்கியது. சொந்தச் சொல் இல்லாமையால் கடன்கொள்ளப்படுகிறது என்னும் பொதுக்கருத்து இங்குப் பொருந்தாது. இரு தரப்பாரிடத்தும் சொந்தச் சொற்கள் இருந்தன. புதிய வடிவும் அதனோடு வந்த மதிப்புமே கடனுக்குக் காரணமாயின.

6. 1886: அகராதியும் நடன விருந்தும்

யூல், பர்னெல் ஆகியோர் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் என்னும் ஆங்கில-இந்தியச் சொல்லகராதி 1886இல் வெளிவந்தது. கமர்பந்து அதில் தனிச்சொல்லாக இடம்பெற்றுள்ளது. அதே 1886இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பியர் லோரிலார்டு என்னும் செல்வர் டக்சீடோ பார்க் என்னும் உல்லாசக் குடியிருப்பைத் திறந்தார். அவ்வாண்டு இலையுதிர்கால நடன விருந்துக்கு அவர் மகன் கிரிஸ்வோல்டும் நண்பர்களும் வாலில்லாக் குறுங்கோட்டு அணிந்து வந்ததாகக் கூறுவர். வேல்ஸ் இளவரசரின் உடையைக் கண்ட ஜேம்ஸ் பிரவுன் பாட்டர், இலண்டன் ஹென்றி பூல் தையலகத்தில் அத்தகையதைத் தைத்துக் கொண்டுவந்தார் என்பது மற்றொரு வழக்கு. எவ்வாறாயினும் 1880களின் இறுதிக்குள் அக்கோட்டுக்கு டக்சீடோ என்னும் பெயர் அமெரிக்க ஆங்கிலத்தில் ஏற்பட்டுவிட்டது.

டக்சீடோ என்பது அப்பகுதியின் தொல்குடிகளாகிய லெனாபே மக்களின் மொழியிலிருந்து வந்த இடப்பெயர். வட்டப் பாதமுடையது, அதாவது ஓநாய், என்று ஒரு சாராரும், வளைந்த ஆறு என்று மற்றொரு சாராரும் பொருள் கூறுவர். இவ்விரண்டில் எது சரியாயினும் உடைக்கும் அப்பொருளுக்கும் தொடர்பில்லை. இடப்பெயர் உடைப்பெயரானது மட்டுமே இங்கு நிகழ்ந்தது. இங்கிலாந்தில் அதே கோட்டு டின்னர் ஜாக்கெட் எனப்படுகிறது. பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்ய மொழிகளில் ஸ்மோக்கிங் எனப்படுகிறது. ஆங்கிலத்தில் ஸ்மோக்கிங் ஜாக்கெட் என்பது புகைபிடிக்கும்போது வீட்டில் அணிந்த வேறோர் உடை. ஐரோப்பிய மொழிகளிலிருந்து பெயர்ப்போர் இதைப் புகைக்கோட்டு என்றெழுதினால் பிழையாகும்.

டக்சீடோவும் கமர்பந்தும் ஒரே உடைத்தொகுதியின் உறுப்புகள். எனினும் ஒன்று பொருள் மங்கிய இடப்பெயர். மற்றொன்று பொருள் விளங்கும் கூட்டுச்சொல். முன்னதை ஒலிபெயர்ப்பதன்றி வேறு வழியில்லை. பின்னதை மொழிபெயர்க்கவும் இயலும், ஒலிபெயர்க்கவும் இயலும். சிக்கல் எழுவதும் அதனால்தான்.

7. பொருட்கிளைகளும் தமிழ் இணைகளும்

உருதுவிலும் இந்தியிலும் கமர்பந்து ஒரு பொருளோடு நிற்பதில்லை. அதன் கிளைகளைப் பின்வருமாறு வகுக்கலாம்.

அ) காலுடையை இறுக்கிக் கட்டும் கயிறு. தமிழில் இது நாடா.

ஆ) மகளிர் இடையணி. தமிழில் இது ஒட்டியாணம். இலக்கிய வழக்கில் மேகலை.

இ) ஏவலர், கடைநிலைப் பணியாளர் ஆகியோரின் பட்டை. அரசு அலுவலக டபேதார் தோளிலும் மார்பிலும் குறுக்காக வில்லையுடன் அணியும் பட்டைக்குத் தமிழில் டவாலி என்பது பெயர். இது வாரைக் குறிக்கும் தவால் என்னும் பாரசீகச் சொல்லோடு தொடர்புடையது. அணியும் இடம் வேறாயினும் சமூகப் பொருளில் இது நெருங்கிய இணையாகும்.

ஈ) வீரரும் அரசவையினரும் கட்டிய இடைப்பட்டை. தமிழில் இது கச்சை.

உ) மேலைநாட்டு மாலை விருந்துடையின் பட்டுப்பட்டை. இதற்கே தமிழில் நிலைத்த சொல் இல்லை.

மொழிபெயர்ப்பாளர் பலரும் இயல்பாக நாடுவது கச்சை அல்லது இடைக்கச்சை. இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழில் கச்சை கட்டுதல் என்பது போருக்கோ வழக்குக்கோ முனைந்து நிற்றலைக் குறிக்கும் மரபுத்தொடர். வரிந்து கட்டுதல் என்பதும் அத்தகையதே. பாரசீகத்திலும் உருதுவிலும் இதற்கு நிகரான வழக்கு உண்டு. கமர் பஸ்தா என்பது இடை கட்டியவன், அதாவது செயலுக்கு அணியமானவன். உருதுவில் கமர் கஸ்னா என்பது துணிந்து முனைதல். எனவே உருது உரைநடையிலிருந்து பெயர்க்கும்போது கச்சை மிகப் பொருத்தமான இணை. மரபுத்தொடரும் சேதமின்றிப் பெயர்கிறது. ஆங்கிலச் சொல்லிலோ முனைப்புப் பொருள் அறவே இல்லை. உண்டு, பேசி, இளைப்பாற வந்தவர் அணியும் பட்டை அது. அவர் இடைக்கச்சை கட்டி விருந்துக்கு வந்தார் என்று எழுதினால், அவர் சண்டையிட வந்தார் என்றே தமிழ் வாசகர் முதலில் கொள்வார்.

மாறாக, பணியாளர் உடையை வருணிக்கும் இடத்தில் பட்டுப்பட்டை என்று எழுதினால் பரிமாறுபவர் விருந்தினராகிவிடுவார். செகந்தராபாத் படையகத்தைக் களமாகக் கொண்ட புதினம் ஒன்றில் ஒரே பக்கத்தில் இரு முறை இச்சொல் வருவதாகக் கொள்ளலாம். முதலில் வருவது படைத்தலைவர் இடையில். அடுத்து வருவது அவருக்குச் சூப்பு வைப்பவர் இடையில். மூலத்தில் சொல் ஒன்றாயிருப்பது தற்செயலன்று. ஏவலர் உடையினின்று எடுத்ததையே தலைவரும் அணிந்துள்ளார் என்னும் வரலாறு அவ்வொருமையில் அடங்கியுள்ளது. இரண்டையும் வெவ்வேறு தமிழ்ச் சொற்களால் பெயர்த்தால் வாக்கியம் தெளிவாகும், வரலாறு மறையும். இத்தகைய இடங்களில் கமர்பந்து என்னும் சொல்லை இரு முறையும் வைத்து, முதல் ஆட்சியில் இடைப்பட்டை என்று விளக்குவதே இரண்டையும் காக்கும் வழியாகும்.

இதனோடு தொடர்புடைய மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. அழைப்பிதழ்களில் காணும் பிளாக் டை என்னும் தொடர் கழுத்துப்பட்டையை மட்டும் குறிப்பதன்று. குறுங்கோட்டு முதல் கமர்பந்துவரை அடங்கிய முழு உடைத்தொகுதிக்கும் அது சினையாகுபெயர். கறுப்பு டை என நேராகப் பெயர்ப்பதைக் காட்டிலும் முறைசார் மாலையுடை எனப் பெயர்ப்பது பொருத்தமாகும்.

8. ஒலிபெயர்ப்பு வடிவம்

அண்மைக்காலத் தமிழ் எழுத்துகளில் கம்மர்பண்ட், கம்மர்பண்டு என்னும் வடிவங்கள் காணப்படுகின்றன. இவை ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பின்பற்றியவை. பழைய ஆங்கில-இந்திய எழுத்துமுறையில் இந்திய மொழிகளின் குறில் அகரத்தை ஆங்கிலத்தின் ஐந்தாம் உயிரெழுத்தால் எழுதுவது வழக்கம். பஞ்சாப், பந்து முதலிய சொற்களும் அவ்வாறே எழுதப்பட்டன. ஆங்கிலேயரின் நுனிநா ஒலி நம் செவிக்குப் பல்லொலியாகாமல் நாமடி ஒலியாகவே கேட்டமையால், மூலத்தின் தகரம் டகரமாயிற்று. சுமை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சாயலில் கம்பர்பண்ட் என்றொரு மக்கட் சொற்பிறப்பு வடிவமும் ஆங்கிலத்தில் தோன்றியது.

இந்திய மண்ணில் வழங்கும் சொல்லை ஆங்கிலம் வழியாகச் சுற்றிவந்து ஏற்பது மீள்கடன் எனப்படும். மீள்கடனில் வேர்த்தொடர்பு அறுந்துவிடுகிறது. ஐதராபாத் உருது பேசுவோர் நாவில் இன்றும் கமர்பந்த் என்னும் தெளிவான வடிவம் இருக்கையில், கம்மர்பண்ட் என எழுதுவது தேவையற்றது. பந்தோபஸ்து என்னும் சொல்லில் அதே பந்த் தகர மெய்யோடும், இறுதியில் குற்றியலுகரத்தோடும் தமிழ் ஒலியமைப்புக்கு இசைய அமைந்துள்ளது. அம்முறையைப் பின்பற்றிக் கமர்பந்து என எழுதுவது மூலத்துக்கும் தமிழ் மரபுக்கும் ஒத்ததாகும்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

கமர்பந்து பாரசீகக் கூட்டுச்சொல். இதன் முதற்பகுதி இடைவாரிலிருந்து இடையைக் குறிக்குமாறு பொருள் பெயர்ந்தது. வணிகச் சரக்காக ஐரோப்பியருக்கு அறிமுகமான இது, இந்தியப் படைமுகாம்களின் வெப்பத்தால் அவர்தம் விருந்துடையுள் புகுந்தது. அதே காலத்தில் இந்தியாவில் ஏவலர் சீருடைப் பெயராகவும் நின்றது. ஐதராபாத்தில் பக்லூஸ் என்னும் ஆங்கிலக் கடன்சொல் எதிர்த்திசைப் பயணத்துக்குச் சான்றாகிறது.

உருது மூலங்களைப் பெயர்க்கும்போது இடமறிந்து நாடா, ஒட்டியாணம், கச்சை ஆகிய தமிழ்ச் சொற்களையே ஆளலாம். மேலை விருந்துடையையும் படைமன்ற உடையையும் குறிக்குமிடத்துக் கமர்பந்து என்னும் வடிவமே ஏற்புடையது, கச்சை தவிர்க்கத்தக்கது. கம்மர்பண்ட் என்னும் மீள்கடன் வடிவமும் கைவிடத்தக்கது.

1917இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட உசுமானியா மொழிபெயர்ப்புத் துறை, பல்கலைக்கழகப் பாடங்களை உருதுவில் கற்பிக்கக் கலைச்சொற்களைத் திரட்டியது. அறிவியலுக்கும் சட்டத்துக்கும் தமிழிலும் அத்தகைய முயற்சிகள் பல நடந்துள்ளன. ஆடை, உணவு, மன்ற வழக்கு முதலிய அன்றாடத் துறைச் சொற்கள் அத்தொகுப்புகளில் போதிய இடம்பெறவில்லை. புதினங்களையும் நினைவுக்குறிப்புகளையும் பெயர்ப்போர் மிகுதியும் இடர்ப்படுவது இச்சொற்களிலேயே. செகந்தராபாத், பெங்களூர், வெல்லிங்டன் முதலிய படைமுகாம் ஊர்களின் தமிழர் வழக்கில் எஞ்சியுள்ள மன்றச் சொற்களை, அணிந்தோரின் பணிநிலைக் குறிப்போடு தொகுப்பது உடனடித் தேவையாகும்.